கிரான்பெர்ரி சாஸ் சரியாக வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துத் திருத்தும் வழி

நவம்பர் மாதத்தின் நாலாவது வியாழக்கிழமை அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங் என்ற நன்றித் திருநாள். அன்றைய விருந்தில் வான்கோழி, ஸ்டஃபிங் (மசாலா சேர்த்த ரொட்டிக் கலவை), மசித்த உருளைக்கிழங்கு, கிரேவி என்று எல்லாமே கொழுப்பும் மாவுமாக நாக்கை மந்தமாக்குகிற பதார்த்தங்கள். அவற்றுக்கு நடுவே சுரீரென்று ஒரு புளிப்பைக் கொண்டுவருவது, கிரான்பெர்ரி என்ற சின்னச் சிவப்புப் பழத்தில் செய்யும் சாஸ்தான். வான்கோழியைத் தொடாத சைவக்காரர்கள்கூட உருளைக்கிழங்கின் மேல் இதை ஒரு கரண்டி போட்டுக்கொள்வார்கள். டப்பாவில் கிடைக்கிறதே என்பீர்கள். பழம், சர்க்கரை, தண்ணீர் என்று மூன்றே பொருள், கால் மணி நேர வேலை. அதற்கு எதற்கு டப்பா? வீட்டிலேயே செய்ய வேண்டிய பண்டம் இது என்பது என் உறுதியான எண்ணம்.

பொருள் மூன்றுதான் என்றாலும் புதன்கிழமை ராத்திரி வரும் புலம்பல்களுக்குக் குறைவில்லை. தண்ணியாக இருக்கிறது, ரப்பராகிவிட்டது, கசக்கிறது, நிறம் மங்கிவிட்டது. இவற்றில் முக்கால்வாசிக்குப் பரிகாரம் உண்டு, நேரம் மட்டும் இருந்தால். அதனால் முதல் யோசனை: விருந்துக்கு இரண்டு நாள் முன்னதாக, செவ்வாய்க்கிழமையே செய்துவிடுங்கள். இந்தச் சாஸின் உண்மையான பதம் அடுப்பில் இருக்கும்போது தெரியவே தெரியாது. ஃப்ரிட்ஜில் ஒரு ராத்திரி இருந்த பிறகுதான் தெரியும். புதன் காலையில் திறந்து பார்த்தால், திருத்துவதற்கு ஒரு முழு நாள் கையில் இருக்கும்.

கீழே சொல்வதெல்லாம் இந்த அளவை வைத்து: 12 அவுன்ஸ் (340 கிராம்) பழம் உள்ள பாக்கெட் ஒன்று, சர்க்கரை 1 கப் (200 கிராம்), தண்ணீர் 1 கப் (240 மில்லி), உப்பு ஒரு சிட்டிகை. அடிகனமான எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீரையும் சர்க்கரையையும் கொதிக்கவிட்டு, சர்க்கரை கரைந்ததும் பழத்தையும் உப்பையும் போடுங்கள். மறுபடி கொதி வந்ததும் தீயைக் குறைத்து, அவ்வப்போது கிளறிக்கொண்டு சுமார் 10 நிமிடம் விட்டால் போதும்.

சரியாகப் போய்க்கொண்டிருந்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் தப்பாகப் போவது கண்ணில் படும். முதல் சில நிமிடம் ஒன்றும் நடக்காது. பழமெல்லாம் மேலே மிதக்கும், தண்ணீர் லேசாகச் சிவக்கும். பிறகு ஒரு பழம் ‘டப்’ என்று வெடிக்கும். கொஞ்சம் கழித்து இன்னொன்று, அப்புறம் வரிசையாக. ஒவ்வொரு பழத்துக்குள்ளும் நாலு காற்றறைகள் இருக்கின்றன. பழம் மிதப்பதும் வெடிப்பதும் அவற்றால்தான். முக்கால்வாசிப் பழம் வெடித்ததும் குமிழிகளின் போக்கு மாறும். சின்னச் சின்னதாக, வேகமாக வந்தவை பெரிதாக, மெதுவாக, குபுக் குபுக்கென்று வரத் தொடங்கும். கரண்டியை எடுத்துச் சாய்த்தால் சாஸ் ஒழுகி ஓடாமல் தயங்கி விழும். அங்கே அடுப்பை அணைத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் அது தளரத்தான் இருக்கும். இருக்கட்டும்.

சாஸ் தண்ணியாக இருக்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான். முதலில் ஒரு கேள்வி: சாஸ் சூடாக இருக்கிறதா, ஆறிவிட்டதா?

சூடாக இருந்தால் எதுவும் செய்யாதீர்கள். கிரான்பெர்ரியில் பெக்டின் நிறைய; ஜாமைக் கெட்டியாக்குகிற, பழத்திலேயே இருக்கும் பொருள் அது. பழம் வெடிக்கும்போது அது வெளியே வந்து, பழத்தின் புளிப்போடும் நாம் போட்ட சர்க்கரையோடும் சேர்ந்து வலைபோலப் பின்னிக்கொள்கிறது. சூடு இறங்க இறங்கத்தான் அந்தப் பின்னல் இறுகும். கொதிநிலையில் ரசம் மாதிரி ஓடுகிற சாஸ், ஆறி ஃப்ரிட்ஜில் ராத்திரி இருந்தால் கரண்டியில் நிற்கும். சூட்டில் பார்த்துப் பயந்து இன்னும் பத்து நிமிடம் கொதிக்கவிடுவதுதான் அடுத்த பகுதியில் வரும் ரப்பர் சாஸுக்குக் காரணம்.

சந்தேகம் தீர ஒரு சோதனை இருக்கிறது. சின்னத் தட்டு ஒன்றை முன்கூட்டியே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். அடுப்பை அணைத்துவிட்டு, அரை டீஸ்பூன் சாஸைச் சில்லென்ற தட்டில் விட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். விரலால் நடுவே ஒரு கோடு இழுத்தால், இரண்டு பக்கமும் கூடிவராமல் கோடு அப்படியே நிற்க வேண்டும். நின்றால் பதம் சரி. உடனே மூடிக்கொண்டால் அடுப்பைப் பற்றவைத்து இரண்டு நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள். சோதிக்கும்போது அடுப்பை அணைப்பது முக்கியம். இல்லையென்றால் நீங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாஸ் பதம் தாண்டிவிடும்.

ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் இருந்தும் தண்ணியாக இருக்கிறதென்றால் காரணம் தேட வேண்டும்.

பழத்தைப் பாருங்கள். முழுசு முழுசாக நிறைய மிதக்கிறதா? அப்படியானால் பெக்டின் இன்னும் பழத்துக்குள்ளேயே இருக்கிறது. மறுபடி அடுப்பில் ஏற்றி, கரண்டியின் பின்பக்கத்தால் பாத்திரத்தின் சுவரில் வைத்து அழுத்தி உடைத்து, ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டால் சரியாகிவிடும்.

சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தீர்களா? உடம்புக்கு நல்லதென்று நினைத்துச் செய்வதுதான். ஆனால் இந்தச் சாஸில் சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை. பெக்டினிடமிருந்து தண்ணீரை இழுத்துப் பிடித்து, அது பின்னிக்கொள்ள வழிவிடுவதும் சர்க்கரைதான். குறைத்தால் இளகலாகத்தான் வரும். 200 கிராம் சர்க்கரையைப் பத்துப் பேர் பங்கிட்டால் ஆளுக்கு 20 கிராம். குறைத்தே ஆக வேண்டுமென்றால் தண்ணீரையும் கூடவே குறையுங்கள், முக்கால் கப் போதும்.

பழைய குறிப்பைப் பார்த்துச் செய்தீர்களா? இது பலருக்குத் தோன்றாது. முன்பு கிரான்பெர்ரி ஒரு பவுண்டு, அதாவது 16 அவுன்ஸ் பாக்கெட்டாக வந்தது. அந்தக் காலத்துக் குறிப்புகளில் ஒரு பாக்கெட்டுக்கு 2 கப் தண்ணீர், 2 கப் சர்க்கரை என்று இருக்கும். இன்றைய பாக்கெட் 12 அவுன்ஸ். அதே தண்ணீரை விட்டால் நீர்த்துப் போகாமல் என்ன செய்யும்? அளவு சொல்லும் இடத்தில் ‘ஒரு பாக்கெட்’ என்று மட்டும் இருக்கும் எந்தக் குறிப்பையும் நம்பாதீர்கள், எடையைப் பாருங்கள். திருத்துவது எளிது: வாய் அகலமான பாத்திரத்துக்கு மாற்றி, மூடாமல், மிதமான தீயில் வற்றவிட்டு, தட்டுச் சோதனை செய்யுங்கள்.

ஆரஞ்சுச் சாறு, ஆப்பிள் துண்டு, ஒயின் என்று சேர்ப்பவர்கள் அந்த அளவுக்குத் தண்ணீரைக் கழிக்க மறந்தாலும் இதே கதிதான்.

கார்ன்ஃப்ளோர் கரைத்து ஊற்றலாமா என்று கேட்காதவர் இல்லை. வேண்டாம். கண்ணாடிபோல மின்னும் சாஸ் மங்கிக் கலங்கிவிடும். இவ்வளவு புளிப்பில் கொஞ்சம் கூடுதலாகக் கொதித்தால் மாவின் பிடிப்பும் உடைந்து மறுபடி இளகும். கிரான்பெர்ரியிலேயே கெட்டியாகும் சக்தி இருக்கும்போது மாவு எதற்கு? ஒரு கைப்பிடிப் புதுப் பழத்தை அரைத்துச் சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்கவிடுவது அதைவிட நல்ல வழி.

ரப்பராக, கரண்டி இறங்காமல் இருக்கிறது

அதிக நேரம் கொதித்துத் தண்ணீர் வற்றிவிட்டது. இரண்டு மேசைக்கரண்டி வெந்நீர் அல்லது ஆரஞ்சுச் சாறு விட்டு, மிகக் குறைந்த தீயில் கிளறி இளக்குங்கள். தேவைப்பட்டால் இன்னும் இரண்டு. நிறையச் சேர்க்கத் தோன்றும், கையைக் கட்டுங்கள். சூட்டில் கொஞ்சம் தளர்வாகத் தெரிகிற இடத்தில் நிறுத்தினால் ஆறியதும் சரியாக இருக்கும்.

இளக்கினாலும் பாகு மாதிரி கம்பி இழுக்கிறது, பல்லில் ஒட்டுகிறது என்றால் சர்க்கரை காய்ந்து முற்றிவிட்டது. அரை பாக்கெட் பழத்தைச் சர்க்கரை போடாமல், அரை கப் தண்ணீரில் தனியாக வேகவைத்து இதோடு கலந்துவிடுங்கள். அளவு கூடும், அவ்வளவுதான். மிச்சத்தை மறுநாள் சாண்ட்விச்சில் தடவிக்கொள்ளலாம்.

புளிப்பு தாங்கவில்லை

கிரான்பெர்ரியின் புளிப்பு கிட்டத்தட்ட எலுமிச்சைச் சாற்றின் புளிப்புக்குப் பக்கத்தில் வரும். பழத்தில் இயற்கையாக இருக்கும் சர்க்கரையோ 100 கிராமுக்குச் சுமார் 4 கிராம்தான். ஆகவே கொஞ்சம் புளிக்கத்தான் செய்யும், புளிக்கவும் வேண்டும். தனியாக நக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கொஞ்சம் உருளைக்கிழங்கோடோ ரொட்டியோடோ வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். தனியாகச் சாப்பிட்டால் அளவாக இனிக்கிற சாஸ், தட்டில் வந்ததும் ஜாம் மாதிரி திகட்டிவிடும்.

அப்படிப் பார்த்தும் புளிப்பு தூக்கலாக இருந்தால் முதலில் உப்பு. ஒரு சிட்டிகை சேர்த்துக் கிளறி, மறுபடி சுவை பாருங்கள். அப்புறம்தான் சர்க்கரை, ஒரு தடவைக்கு ஒரு மேசைக்கரண்டி. சாஸ் சூடாக இருக்கும்போது சேர்த்து, முழுக்கக் கரையவிட வேண்டும்.

சர்க்கரையைக் கூட்டாமலே புளிப்பைக் குறைக்க இன்னொரு வழி சமையல் சோடா. முழு பாக்கெட்டுக்குக் கால் டீஸ்பூன், அதற்கு மேல் கூடவே கூடாது. போட்டதும் புஸ்ஸென்று நுரைக்கும், அதனால் பாத்திரத்தில் பாதி காலியாக இருக்கட்டும். புளிப்பில் ஒரு பங்கைச் சோடா முறித்துவிடுவதால் அதே சர்க்கரையில் இனிப்பு எடுப்பாகத் தெரியும். இதற்கு ஒரு விலையும் உண்டு. புளிப்பு குறைந்தால் பெக்டினின் இறுக்கமும் குறையும், நிறமும் கொஞ்சம் கருஞ்சிவப்புக்குப் போகும். கரண்டியால் பரிமாறும் சாஸுக்குப் பரவாயில்லை. அச்சில் வார்த்து வெட்டுவதற்கு இது உதவாது.

கசக்கிறது, துவர்க்கிறது

புளிப்பும் கசப்பும் துவர்ப்பும் வெவ்வேறு நோய்கள், மருந்தும் வெவ்வேறு. எது என்று கண்டுபிடிக்காமல் சர்க்கரையைக் கொட்டுவதால் பயனில்லை. ஒரு துளியை நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள்.

வாய் உலர்ந்து இழுத்துப் பிடித்தால் துவர்ப்பு. அது பழத் தோலில் உள்ளது, ஓரளவு இயல்பு. சல்லடையில் வடித்துத் தோலை நீக்கினால் குறையும். ஒரு டீஸ்பூன் வெண்ணெயைச் சூடான சாஸில் கரைத்தாலும் நாக்கில் அதன் முரட்டுத்தனம் தணியும்.

நாக்கின் பின்பக்கம் நின்றுகொண்டு போகாமல் கசந்தால் ஆரஞ்சுத் தோலைச் சந்தேகியுங்கள். ஆரஞ்சுத் தோலைச் சீவும்போது மேலே உள்ள மஞ்சள் படலம் மட்டும்தான் வாசனை. அடியிலிருக்கும் வெள்ளைப் பகுதி கசப்பு. துண்டு துண்டாக இருந்தால் உடனே பொறுக்கி எடுத்துவிடுங்கள். துருவிச் சேர்த்திருந்தால் எடுக்க முடியாது. சர்க்கரை, உப்பு, கொஞ்சம் ஆரஞ்சுச் சாறு என்று மெல்லச் சமன்செய்ய வேண்டியதுதான்.

மரத்துப்போன மாதிரி ஒரு கசப்பு என்றால் கிராம்பு. பாக்கெட்டுக்கு இரண்டே கிராம்பு போதும், அதையும் அடுப்பை அணைத்ததும் எடுத்துவிட வேண்டும். பட்டையும் அன்னாசிப்பூவும் அப்படியே. சாஸ் ஃப்ரிட்ஜில் இருக்கும் இரண்டு நாளும் அவை உள்ளே ஊறிக்கொண்டிருந்தால், வியாழக்கிழமை பிரியாணி மசாலா வாசனைதான் வரும். எண்ணிப் போடுங்கள், எண்ணி எடுங்கள். மசாலாவைத் தூளாகச் சேர்க்காமல் முழுசாகவே போடச் சொல்வதும் இதற்காகத்தான். தூளைத் திரும்ப எடுக்க வழியில்லை, சாஸும் சேறுபோலக் கலங்கிவிடும்.

காசை வாயில் வைத்தது போன்ற உலோகச் சுவை வந்தால் பாத்திரம்தான் குற்றவாளி. அலுமினியத்திலும் இரும்புச் சட்டியிலும் இந்தப் புளிப்பைக் கொதிக்கவைக்கக் கூடாது. எவர்சில்வர், எனாமல், கண்ணாடி இவைதான் ஏற்றவை. உலோகச் சுவை ஏறிய சாஸைத் திருத்த முடியாது, கொட்டிவிட்டுப் புது பாக்கெட்டைத் திறங்கள். செய்தது எவர்சில்வரில் என்றாலும், அலுமினிய ஃபாயில் சாஸின் மேல் படும்படி மூடி வைத்தால் இதே வம்பு வரும்.

ரொம்ப இனித்துவிட்டது

எலுமிச்சைச் சாறு ஒரு டீஸ்பூன். போதாவிட்டால் இன்னொன்று. அதற்கும் அடங்காவிட்டால் மேலே சொன்னபடி சர்க்கரையில்லாமல் கொஞ்சம் பழம் வேகவைத்துக் கலப்பதுதான். உலர்ந்த கிரான்பெர்ரியை வைத்துச் செய்பவர்களுக்கு இந்தப் பிரச்சினை அடிக்கடி வரும். கடையில் வரும் உலர்ந்த பழம் பெரும்பாலும் சர்க்கரையில் ஊறவைத்தே உலர்த்தப்பட்டது. அதற்கு மேல் 1 கப் சர்க்கரை போட்டால் மிட்டாய்தான் கிடைக்கும். அதில் சர்க்கரையே இல்லாமல் தொடங்கி, கடைசியில் எலுமிச்சை பிழிவதுதான் சரி. புதுப் பழத்தின் பளபளப்பும் இறுக்கமும் அதில் வராது என்பதையும் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் கவனத்துக்கு ஒன்று: இந்தியச் சந்தையில் கிரான்பெர்ரி என்ற பெயரில் களாக்காய் விற்பதும் உண்டு. களாக்காயும் நல்ல புளிப்பு, பெக்டினும் உள்ளது, அருமையான சாஸ் வரும். ஆனால் அதில் பாலும் கொட்டையும் உண்டு. இரண்டாக வெட்டிக் கொட்டையை நீக்கி, உப்புத் தண்ணீரில் போட்டுப் பாலைக் கழுவிவிட்டுத்தான் அடுப்பில் ஏற்ற வேண்டும்.

நிறம் சரியில்லை

வெளிறி இருந்தால் பழத்திலேயே நிறம் போதவில்லை. கிரான்பெர்ரி அறுவடை செப்டம்பர் நடுவில் தொடங்கி நவம்பர் ஆரம்பம்வரை நடக்கும். விஸ்கான்சினும் மாசசூசெட்ஸும்தான் பெரிய விளைநிலங்கள், நியூ ஜெர்சியும் ஒரிகனும் வாஷிங்டனும் அடுத்து. முன்பருவப் பழத்திலும், கொடியின் இலை நிழலில் இருந்த பழத்திலும் வெள்ளைப் பழங்கள் கலந்திருக்கும். அவை கெட்டவை அல்ல, சாப்பிடலாம், கெட்டியாக்குவதற்கும் உதவும். கனடாவில் தேங்க்ஸ்கிவிங் அக்டோபரின் இரண்டாவது திங்கட்கிழமையே வந்துவிடுவதால் அங்குள்ளவர்கள் வெளிர் பழங்களை அதிகம் பார்க்க நேரும். நல்ல சிவப்பு வேண்டுமானால் தண்ணீருக்குப் பதிலாகக் கிரான்பெர்ரி ஜூஸ் விடலாம். இனிப்புச் சேர்த்த ஜூஸ் என்றால் சர்க்கரையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

பழுப்பாகிவிட்டதா? அதிக நேரம் கொதித்திருக்கும், அல்லது வெல்லம், நாட்டுச் சர்க்கரை போட்டிருப்பீர்கள். வெல்லத்தில் சுவை நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அந்த ரத்தினச் சிவப்பை எதிர்பார்க்க முடியாது. பாதி வெல்லம் பாதி வெள்ளைச் சர்க்கரை என்பது என்னுடைய சமரசம். ஊதாவாகவோ சாம்பலாகவோ மாறினால் சோடா அதிகமாகிவிட்டது, அல்லது பாத்திரம் சரியில்லை. சோடாவால் வந்தது என்றால் ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டதும் சிவப்பு கண்ணெதிரே திரும்பி வரும்.

பழம் வெடிக்கவே இல்லை

தீ போதவில்லை என்பது ஒன்று. முழுக் கொதி வந்த பிறகுதான் சிம்மில் வைக்க வேண்டும். இன்னொன்று, சர்க்கரை அதிகமாகவும் தண்ணீர் குறைவாகவும் இருந்தால், கெட்டிப் பாகு பழத்திலிருந்து நீரை உறிஞ்சிவிடும். பழம் வெடிக்காமல் சுருங்கித் தோல் தடித்துப்போகும். அப்படி ஆனால் கால் கப் வெந்நீர் விட்டு மத்தால் மசித்துவிடுங்கள். அடுத்த முறை முதலில் பழத்தைத் தண்ணீரில் வெடிக்கவிட்டு, பிறகு சர்க்கரை போடுங்கள். தோல் வாயில் தட்டுவது பிடிக்காதவர்களுக்கும் இந்த வழிதான் நல்லது.

ஃப்ரீசரில் இருந்த பழத்தைக் கரையவிட வேண்டாம். அப்படியே கழுவிப் பானையில் போடலாம், கொதி வர மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும். கரையவிட்டால் தொளதொளவென்று சாறு வடிந்து, பழம் வெடிக்கிற சத்தமே கேட்காது.

பழத்தைப் பற்றிச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். பாக்கெட்டைப் பிரித்துத் தாம்பாளத்தில் கொட்டி, ஒரு தடவை கையால் அளைந்து பாருங்கள். கல்லுபோல இருப்பவை நல்லவை. அமுங்குகிறவை, சுருங்கியவை, பழுப்பேறியவை எல்லாவற்றையும் தூக்கிப்போடுங்கள். நல்ல பழம் மேசைமேல் போட்டால் துள்ளும். தோட்டக்காரர்கள் பழத்தைத் துள்ளவிட்டுத் தரம் பிரிக்கும் பழக்கம் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. பாக்கெட்டில் நாலைந்து அழுகல் இருந்தாலும் மொத்தச் சாஸுக்கும் ஒரு முடைநாற்றம் வரும், அதை எந்தச் சர்க்கரையாலும் மறைக்க முடியாது.

நுரை பொங்கி அடுப்பில் வழிகிறது

பழத்துக்குள் இருந்த காற்று பெக்டினில் சிக்கி நுரையாகிறது. பாத்திரம் பெரிதாக இருந்தால் தொல்லையே இல்லை. ஒரு பாக்கெட்டுக்குக் குறைந்தது 2 லிட்டர் பாத்திரம் வையுங்கள். பொங்கி வரும்போது நிலக்கடலை அளவு வெண்ணெய் போட்டால் அடங்கிவிடும். மேலே நிற்கும் வெளிர் நுரையைக் கரண்டியால் எடுத்துவிட்டால் ஆறியபின் சாஸ் தெளிவாக இருக்கும்.

அடிப்பிடித்துவிட்டது

சுரண்டாதீர்கள்! வாசனை வந்த நொடியே அடுப்பை அணைத்து, பாத்திரத்தை அசைக்காமல், மேலாக உள்ளதை வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். ஒட்டியிருப்பது அங்கேயே இருக்கட்டும். மாற்றியதில் ஒரு கரண்டி சுவை பாருங்கள். கருகல் லேசாகத் தெரிந்தால் ஆரஞ்சுத் தோல் துருவலும் ஒரு சிட்டிகை உப்பும் ஓரளவு மறைக்கும். தூக்கலாகத் தெரிந்தால் மறைக்கப் பார்ப்பது வீண்.

இரண்டு மூன்று பாக்கெட்டை ஒரே பானையில் செய்யும்போதுதான் இது அதிகம் நடக்கிறது. ஆழமான பானையில் அடி கருகும், மேல்பக்கம் வெந்திருக்காது. விருந்தாளி நிறையப் பேர் என்றால் ஒரு பாக்கெட் ஒரு பாக்கெட்டாக இரண்டு தடவை செய்யுங்கள். ஒருசேரத்தான் செய்தாக வேண்டுமென்றால் அகலமான பாத்திரம் எடுத்து, கொதி வரவும் வற்றவும் கூடுதல் நேரம் கொடுங்கள்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தால் தண்ணீர் விட்டிருக்கிறது

மேலே சிவப்பாகக் கொஞ்சம் நீர் நின்றால் கவலை வேண்டாம், கிளறிவிட்டால் சேர்ந்துகொள்ளும். நிறைய நின்றால், பாதி இறுகியிருந்தபோது யாரோ கிளறிப் பின்னலை உடைத்திருக்கிறார்கள், அல்லது ஃப்ரிட்ஜின் பின்சுவரை ஒட்டி வைத்து உறைந்துபோயிருக்கிறது. ஆறும்போது தொடாமல் விடுவதுதான் தடுக்கும் வழி. ஃப்ரீசரில் வைத்து எடுத்த சாஸ் எப்போதுமே இப்படித்தான் நீர் விடும். சூடாக்கி ஒரு கொதி விட்டு மறுபடி ஆறவைத்தால் பெரும்பாலும் மீளும்.

நறநறவென்று இருக்கிறது

சர்க்கரை முழுக்கக் கரையாமலே வற்றிவிட்டது. ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டுச் சூடாக்கி, துகள் எதுவும் தட்டுப்படாமல் போகும்வரை கிளறுங்கள். பாத்திரத்தின் சுவரில் ஒட்டிய சர்க்கரையையும் ஈரக் கரண்டியால் வழித்து உள்ளே தள்ளுங்கள்.

அச்சில் வார்த்தது நிற்கவில்லை

அமெரிக்கக் குடும்பங்கள் பலவற்றில் டப்பாவின் வளையத் தழும்புகளோடு தட்டில் படுத்திருக்கும் அந்தச் சிவப்பு உருளை இல்லாமல் தேங்க்ஸ்கிவிங்கே கிடையாது. மார்கஸ் யூரன் என்ற வழக்கறிஞர் மாசசூசெட்ஸின் ஹேன்சன் ஊரில் 1912-ல் கிரான்பெர்ரி சாஸை டப்பாவில் அடைக்கத் தொடங்கினார். உருளை வடிவ ஜெல்லி நாடு முழுக்கக் கடைகளுக்கு வந்தது 1941-ல். வீட்டில் அதே மாதிரி வெட்டிப் பரிமாற ஆசைப்படுபவர்கள் சாதாரணச் சாஸின் பதத்தில் இறக்கிவிட்டு, ஏன் சரிகிறது என்று கேட்கிறார்கள்.

வெட்டும் பதத்துக்கு இரண்டு வேலை கூடுதலாக உண்டு. வெந்த பழத்தைச் சல்லடையில் ஊற்றி, கரண்டியால் அழுத்தித் தேய்த்துச் சதை முழுக்க இறங்கவிட வேண்டும். சல்லடையின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் கெட்டி விழுதையும் வழித்துச் சேர்க்க மறக்காதீர்கள், பெக்டின் அதில்தான் நிறைய. பிறகு வடித்ததை மறுபடி அடுப்பில் ஏற்றி, கிளறிக்கொண்டே 104 டிகிரி செல்சியஸ்வரை கொண்டுபோக வேண்டும். இது கடல் மட்டத்துக் கணக்கு. டென்வர் போல 1,600 மீட்டர் உயரத்தில் தண்ணீரே சுமார் 95 டிகிரியில் கொதித்துவிடும், அங்கே 99 டிகிரிதான் இலக்கு. உங்கள் ஊரில் தண்ணீர் கொதிக்கும் சூட்டோடு 4 டிகிரி கூட்டிக்கொள்ளுங்கள்.

அச்சிலிருந்து வராமல் அடம்பிடித்தால் கத்தியால் ஓரத்தில் காற்றுப் போகச் சிறு வழி விட்டு, அச்சின் அடியை வெந்நீரில் பத்து எண்ணும் வரை காட்டிக் கவிழுங்கள். ஊற்றுவதற்கு முன் அச்சில் எண்ணெய் லேசாகத் தடவியிருந்தால் இந்தப் பாடு வேண்டாம்.

ஜெலட்டின் சேர்த்தும் உறையவில்லை என்றால் பச்சை அன்னாசி, பச்சை இஞ்சி, கிவி இவற்றில் ஏதாவது போட்டீர்களா என்று யோசியுங்கள். மூன்றிலும் ஜெலட்டினைச் சிதைக்கும் நொதி உண்டு. கொதிக்கவைத்துச் சேர்த்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். சைவக்காரர்கள் வரும் விருந்தில் ஜெலட்டினே வேண்டாம், அது விலங்குகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுப்பது. சைனா கிராஸ் போடலாம். ஆனால் அதைத் தனியாகத் தண்ணீரில் காய்ச்சிக் கரைத்து, அடுப்பை அணைத்த பிறகு சாஸில் கலக்க வேண்டும். இந்தப் புளிப்போடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் அதன் பிடிப்பு போய்விடும். ஸ்டீவியா போன்ற இனிப்பு போட்டு, சர்க்கரையே இல்லாமல் செய்பவர்களுக்கும் இது கைகொடுக்கும்.

காரம் ஏறிவிட்டது

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் பச்சை மிளகாயோ வற்றல் மிளகாயோ போட்டு இதைத் தொக்கு வழிக்கு இழுப்பது உண்டு. எனக்கும் பிடிக்கும். ஆனால் மிளகாய் சாஸில் ஊற ஊறக் காரம் கூடிக்கொண்டே போகும். செவ்வாயன்று அளவாக இருந்தது வியாழனன்று உறைக்கும். மிளகாயைக் கீறி முழுசாகப் போட்டு, பட்டையோடு சேர்த்து எடுத்துவிடுங்கள். ஏறிவிட்ட காரத்தைத் தண்ணீர் குறைக்காது. மிளகாயில்லாமல் இன்னொரு பாக்கெட் செய்து பாதிப் பாதி கலப்பதுதான் வழி. பொது விருந்துக்கு எப்போதும் காரமில்லாதது ஒரு கிண்ணம் தனியாக இருக்கட்டும்.

எத்தனை நாள் வைக்கலாம்

சூடு ஆறியதும், இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். கண்ணாடிப் பாட்டில் நல்லது. ஈரமில்லாத கரண்டி போட்டு எடுத்தால் ஒரு வாரம் தாராளமாகத் தாங்கும். மேலே பூஞ்சை கண்டால் அந்த இடத்தை மட்டும் வழித்தெறிந்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ள வேண்டாம், முழுசையும் கொட்டிவிடுங்கள். விருந்தில் மேசைமேல் மணிக்கணக்கில் இருந்த கிண்ணத்தை மறுபடி பாட்டிலில் சேர்க்காதீர்கள். முதலிலேயே பாதியை மட்டும் கிண்ணத்தில் எடுத்து, மீதியை ஃப்ரிட்ஜிலேயே விட்டுவைத்தால் வெள்ளிக்கிழமை காலை ரொட்டிக்கு நல்ல சாஸ் இருக்கும்.